ராணியிடம் யாரும் கேட்கவில்லை

பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்த மாதங்களில்தான் நான் ஒரு நாடகத்தை முதன்முதலாக வரிவரியாகப் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் பிரதி எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மலேசியாவில், எண்பதுகளின் தொடக்கம் அது. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூருக்குப் போகும் வழியில், சாலையை விட்டு நான்கு மைல் உள்ளே இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா செம்பனைப் பழக்குலை வெட்டினார். அம்மா உரம் போட்டார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தோட்டத்து மண்டபத்தில் ஒரு பழைய ராஜா நாடகம் நடக்கும். அதன் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. யாரோ கப்பலில் கொண்டுவந்தது, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக ஆடப்பட்டது. எல்லாருக்கும் கதை தெரியும். தெரிந்தேதான் வந்து உட்கார்ந்து அழுவார்கள். நாடகத்தை நடத்துபவரும் ராஜா வேடம் கட்டுபவரும் ஒருவரே. எங்கள் பிரிவின் மண்டோர். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர். நல்ல குரல், அகலமான தோள். அந்த வேடத்துக்கு வேறு ஆளை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

நாடக நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு உங்கப்பா சொன்னாரு. புது நோட்டுல எழுதிக் கொடு பாப்பா. அப்படியே திரைக்குப் பின்னால நின்னு வசனமும் எடுத்துக் கொடு" என்றார் மண்டோர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கதை இதுதான். போரில் சிறைபிடித்த ஓர் இளவரசனை ராஜா அரண்மனைக்குப் பின்னால் கட்டிவைத்திருக்கிறான். தாகத்தில் அவன் கத்துவதைக் கேட்டு ராணி ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுக்கிறாள். அதை மந்திரி பார்த்துவிட்டு வேறு மாதிரி சொல்கிறான். ராஜா நம்புகிறான். சபை நடுவே ராணியை அறைந்து, கொலைக்களத்துக்கு அனுப்புகிறான். அவள் அவன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுச் சாகிறாள். பிறகு உண்மை தெரிகிறது. ராஜா புலம்புகிறான். தெய்வம் இறங்கி வந்து அவனுக்கு மோட்சம் கொடுக்கிறது.

அதற்கு முன் பத்து முறையாவது அந்த நாடகத்தைப் பார்த்திருப்பேன். ராஜாவுக்காக அழுதும் இருக்கிறேன். எழுதும்போதுதான் கை ஓர் இடத்தில் நின்றது. ராணியிடம் யாருமே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீ என்ன செய்தாய், எதற்காக ஜன்னல் பக்கம் போனாய் என்று ராஜா கேட்கவில்லை, மந்திரி கேட்கவில்லை, தோழிகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாவது காட்சியிலேயே நாடகம் முடிந்திருக்கும். ராணிக்கு இருந்த வசனத்தில் பாதி 'நாதா', 'சுவாமி', 'தங்கள் சித்தம்'. கடைசிக் காட்சியில் மட்டும் ஒரு நீளமான பேச்சு. அதிலும் பிழை என்னுடையதே, என் அரசர் மீது பழி வர வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். செத்த பிறகு மேடை நடுவில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ராஜா கால்மணி நேரம் பாடுவான்.

நடுவே ராஜா பாடும் விருத்தம் ஒன்று உண்டு, எட்டு அடி. பெண் என்பவள் பாம்பு, புதைமணல், எரிகிற வீட்டின் கூரை என்று போகும். சனங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று கத்துவார்கள். அதை நான் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அம்மா அடுப்படியில் தேங்காய் துருவியபடி அதே விருத்தத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ராகம் அவ்வளவு இனிமை.

"ம்மா, அந்தப் பாட்டுல என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?"

"பாட்டுதானே. நீ பாத்து எழுது, எழுத்துப் பிழை விட்றாத."

அந்த வருடம் வேறொரு சிக்கல் வந்தது. வழக்கமாக ராணி வேடம் கட்டுகிற ஆள் கோலாலம்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். மீசையை எடுக்க வேறு எந்த ஆணும் தயாராக இல்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ராணி வசனம் முழுக்கத் தெரியும், மாமா" என்றேன். என் வாழ்க்கையில் திருப்பி விழுங்க முடியாமல் போன வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எல்லா வீடும் அப்படித்தான். இருபத்து நான்கு வயது, நான்கு வயதில் ஒரு மகள். அக்கா களைமருந்து அடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைக்குள் போகும்போதே பாடிக்கொண்டு போவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் எனக்கே ராணி வசனத்தைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். புருஷன் டிராக்டர் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். குடித்தால் பேசுவார்.

மண்டோர் அக்காவைக் கேட்கவில்லை. அக்காவின் புருஷனைத்தான் கேட்டார், அதுவும் கள்ளுக்கடை வாசலில், நாலு பேர் முன்னால். மண்டோர் கேட்டால் இல்லை என்று எந்த டிராக்டர்காரர் சொல்வார்? "நம்ம மண்டோர்தானே, தாராளமா லா" என்றாராம். செய்தி அக்காவுக்கு வந்தது. கண் அப்படி மின்னி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நான் மேடையில நிக்கப்போறேன் பாப்பா. என்னால நம்பவே முடியல."

ஒத்திகை மூன்று வாரம், மாலை நான்கு மணிக்கு, வேலை முடிந்து குளித்த பிறகு. அம்மா என்னோடு வந்து ஓரமாக உட்காருவார், அக்காவின் மகள் அவர் மடியில். அக்கா நன்றாக நடித்தார். இருக்கிற அந்தக் கொஞ்சம் வசனத்தையே வேறு மாதிரி சொன்னார். 'தங்கள் சித்தம்' என்று சொல்லும் முன் ஒரு கணம் நின்று ராஜாவின் முகத்தைப் பார்ப்பார். கேள், ஒரு வார்த்தை கேள் என்று அந்தப் பார்வை சொல்லும். மண்டோருக்கு அது பிடிக்கவில்லை.

"தலைய நிமிராத. ராணின்னா அடக்கம் வேணும். கீழ பாரு."

அக்கா கீழே பார்ப்பார். மறுநாள் மறுபடியும் நிமிர்வார்.

அறைகிற காட்சிக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ராஜாவின் கை ராணியின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகும். அதே கணத்தில் நான் திரைக்குப் பின்னால் இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்துத் தட்ட வேண்டும். ஒத்திகையில் பலமுறை தட்டி நேரம் பழகிக்கொண்டேன்.

இதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மண்டோர் அக்காவுக்கு இலேசான வேலை கொடுக்கிறாராம், ஒத்திகையில் கையைப் பிடிக்கிறாராம். உண்மையில் அக்கா அந்த மூன்று வாரமும் தொட்டி சுமந்துகொண்டுதான் இருந்தார். சொன்னவர்களில் பாதிப் பேர் ஒத்திகைக்கு வந்து பார்த்தவர்கள். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். அக்காவின் புருஷன் ஒருநாள் மண்டப வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. போய்விட்டார்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். தோட்டத்து ஜெனரேட்டரை நம்பி இரவில் வைக்க முடியாது என்பதால் அந்த முறை பகலிலேயே வைத்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே வெக்கை கொதித்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரியில் ஆட்கள் வந்திருந்தார்கள். பெண் ஒருத்தி பெண் வேடம் கட்டுவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. முன்வரிசையில் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியும் குடும்பமும். அக்காவின் புருஷன் சேர்ந்து குடிப்பவர்களோடு தூண் ஓரத்தில் நின்றார்.

விருத்தம் வந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மண்டோர் மறுபடி பாடினார். மூன்றாவது முறையும் கேட்டார்கள். இம்முறை அவர் அக்காவைச் சுற்றி நடந்துகொண்டே, ஒவ்வோர் அடிக்கும் அக்காவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பாடினார். மண்டபம் அதிர்ந்தது. பெண்களும் சிரித்தார்கள். அக்கா தலையை நிமிர்த்தினார். குனியவில்லை. மண்டோரைப் பார்த்தபடியே நின்றார்.

அடுத்து அறைகிற இடம். நான் பலகைகளைத் தூக்கி வைத்திருந்தேன். தட்டவில்லை. அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

ஒரு சாண் இடைவெளி இல்லை. உள்ளங்கை முழுவதும் இடது கன்னத்திலும் காதிலும் விழுந்தது. அக்கா இரண்டடி பக்கவாட்டில் போய் முட்டி போட்டு விழுந்தார். பிறகு கைதட்டல். விசில். அந்த நாடகத்துக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அடுத்த வசனம் நினைவில் இல்லை. என் பக்கம் திரும்பினார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னார். "தங்கள் சித்தம், சுவாமி."

நாடகத்தை நான் நிறுத்தியிருக்கலாம். திரைக் கயிறு என் பக்கம்தான் தொங்கியது. நான் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அக்கா செத்தார், படுத்தார். கால்மணி நேரம் ராஜா பாடினான். சனங்கள் அழுதார்கள்.

தூண் ஓரத்தில் என்ன நடந்தது என்று பிறகு அப்பா சொல்லக் கேட்டேன். யாரோ அக்காவின் புருஷன் தோளைத் தட்டி, "உம் பொண்டாட்டிய மண்டோரு நெசமாவே வெளுக்குறான், நீ பாத்துக்கிட்டு நிக்குற. ரெண்டு பேருக்கும் அவ்ளோ உரிமையா?" என்று சிரித்திருக்கிறான். அவர் மண்டோரிடம் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து காத்திருந்தார்.

வெளிச்சம் போவதற்குள் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பலகைச் சுவர் குலுங்கியது.

"அவன் கை வெச்சப்ப ஏண்டி சும்மா நின்ன? அவன் அடிச்சா உனக்கு இனிக்குதா?"

அக்கா ஏதோ சொன்னார். புருஷன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கேட்டது கேள்வியே இல்லை. அப்பா எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நான் எழுந்தேன்.

"உக்காரு. புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்றார் அம்மா. அவரும் எழவில்லை. ரேடியோவில் நேயர் விருப்பம் ஓடியது. ஒன்பது வீடுகள் அந்த லயத்தில். ஒரு கதவும் திறக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா பெரட்டுக்குப் போகவில்லை. காதிலிருந்து ரத்தமும் நீரும் வடிந்து தலையணை நனைந்திருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசர் பஞ்சை வைத்துவிட்டு, "இது என்னால ஆகாது. டவுனுக்குக் கொண்டுபோங்க" என்றார். அம்மா ஒருநாள் வேலையை விட்டார். நானும் அம்மாவும் அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ் அசாம் ஜாவா என்ற சிற்றூரைத் தாண்டியது. பிறகு அக்கா, "பாப்பா, நான் நல்லா நடிச்சேனா?" என்று கேட்டார். குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா நடிச்சீங்கக்கா" என்றேன். கேட்கவில்லை போல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோலா சிலாங்கூர் அரசாங்க மருத்துவமனையில் இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். மலாய்க்காரர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முதுகையும் கையையும் பார்த்தார். செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார். பிறகு அக்காவிடம் மலாயில் மெதுவாகக் கேட்டார். யார் அடித்தது? சொன்னால் போலீசில் புகார் எழுத நானே உதவி செய்கிறேன்.

அந்த இரண்டு நாளில் அக்காவிடம் ஒரு ஆள் கேள்வி கேட்டது அப்போதுதான்.

அக்கா தரையைப் பார்த்தார். "ஜாத்தோ" என்றார். விழுந்துவிட்டேன். பிறகு தமிழில் எனக்காக, "நானே விழுந்தேன்னு சொல்லு பாப்பா. அவர் மேல பழி வர வேணாம்."

அது ராணியின் கடைசிப் பேச்சில் வரும் வரி. நான் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியது. அக்கா நடிக்கவில்லை. அந்த வார்த்தைகள் அவர் நாக்கில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தயாராக இருந்தன. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டு வளர்ந்தவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் படித்த பெண் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டார். "நீ சொல். உண்மையிலேயே விழுந்தாரா?"

அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன. வளையல் தோலில் பதியும் அளவுக்கு இறுக்கம். அப்பா மண்டோரின் கீழ் வேலை செய்கிறார். அக்கா இன்று மாலையே அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். இவ்வளவும் அந்தப் பிடியில் இருந்தது.

"ஆமாம். விழுந்துவிட்டார்" என்றேன்.

டாக்டர் அதையே சீட்டில் எழுதினார்.

அடுத்த வாரம் கோயில் கமிட்டி கூடியது. அக்காவின் புருஷனைப் பற்றிப் பேச்சே இல்லை. மண்டோர் தலைமையில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனி பெண்களை மேடை ஏற்றுவதில்லை. பெண்களை ஏற்றியதால்தான் இத்தனை வம்பு. எல்லாரும் தலையாட்டினார்கள் என்று அப்பா வந்து சொன்னார். "நீங்க?" என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

நோட்டு என்னிடமே இருந்தது. விருத்தம் இருந்த பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பல நாள் யோசித்தேன். ஒருநாள் விளிம்பைப் பிடித்தும் விட்டேன். மண்டோருக்கு அது மனப்பாடம், சனங்களுக்கும் மனப்பாடம், என் அம்மாவுக்கும் மனப்பாடம். கிழித்து யார் வாயிலிருந்து பிடுங்கப் போகிறேன்? முழு நோட்டையும் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்தேன். ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு ஏன் மாமா நெசமா அடிச்சீங்க?"

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மைலோ கலக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"நாடகம்னா உணர்ச்சி வரணும் லா பாப்பா. அவ தலைய நிமித்தி மொறைச்சா. ராஜா என்ன செய்வான்? எனக்கே தெரியல, கை போயிருச்சு. ஆனா பாத்தேல்ல, எப்படிக் கை தட்டுனாங்க! முப்பது வருஷத்துல அப்படி ஒரு கைதட்டல் வாங்குனதில்ல."

"அக்காவுக்குக் காது போச்சு, மாமா."

"அது அவ புருஷன் அடிச்சது" என்றார். மனதார நம்பித்தான் சொன்னார். மைலோவைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதைத் தவிர வேறெதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

மறுவருடப் பொங்கலுக்கு வேறொரு தோட்டத்திலிருந்து ஆண் ஒருவரைக் கூட்டிவந்து ராணி வேடம் போட்டார்கள். வசனம் எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்றேன். ஆனாலும் போய்ப் பார்த்தேன். அக்கா மகளோடு பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார். வலது காது மேடைப் பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து வைத்திருந்தார். ராணி செத்து, ராஜா புலம்ப ஆரம்பித்ததும் அக்காவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. நான் பக்கத்தில் போய், வலது பக்கமாகக் குனிந்து கேட்டேன்.

"யாருக்காக அழறீங்கக்கா?"

"பாவம்டி அந்த ராஜா" என்றார். "தனியாப் போயிட்டாரே."

அன்று தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த வருடமே கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. போகிற அன்று அக்கா வேலைக்குப் போயிருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நான்கைந்து வருடம் கழித்து கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். நகங்கள் மருந்துபட்டு மஞ்சளாகி வெடித்திருந்தன. மகள் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னாலிருந்து கூப்பிட்டபோது மகள்தான் திரும்பினாள். அவள் அக்காவின் முழங்கையைத் தொட்டு என்னைக் காட்டினாள்.

வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்றார். பிறகு அதைச் சொன்னதற்காகவே பயந்ததுபோல், "சீக்கிரம் பண்ணிக்க" என்று சேர்த்தார். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல. கொஞ்சந்தான்" என்றார். மகள் செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

நான் பல வருடம் சொல்லிப் பழகி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரிதான் வாயில் வந்தது. "அன்னைக்கு டாக்டர்கிட்ட நான் உண்மையைச் சொல்லியிருக்கணும்கா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மகள்தான் பதில் சொன்னாள், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மாக்கு இந்தக் காதும் இப்ப சரியாக் கேக்குறதில்ல, அக்கா. எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். பெர்ஜுந்தாய் பஸ் வந்து நின்று இஞ்சின் உறுமியது. அக்கா அசையவில்லை. மகள் எழுந்து, சாமான் பையை ஒரு கையிலும் அம்மாவின் மணிக்கட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் வழி உண்டாக்கி ஏற்றினாள். ஜன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பஸ் ஆற்றுப் பாலத்துச் சாலைக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றுவிட்டு, கிள்ளான் பஸ்ஸுக்கு வரிசையில் போய் நின்றேன்.